வளையமிடும் வேலையில் ஒரு குருவி என் கையில் இறந்துவிட்டது. தொடர்ந்து போவதா?

வேலிப்பருத்தி

எங்கள் பகுதி இயற்கைப் பூங்காவில் பறவைகளைப் பிடித்து, எண் பொறித்த கால்வளையம் இட்டுப் பறக்கவிடும் குழு ஒன்று இருக்கிறது. ஏழு மாதமாக அதில் தன்னார்வலராகப் போய்வருகிறேன். வாரம் விட்டு வாரம், இருட்டு பிரியும் முன்னே வலை விரிப்போம். வெயில் ஏறத் தொடங்கியதும் சுருட்டிவிடுவோம். முதல் ஐந்து மாதம் எனக்குக் கொடுத்தது பதிவேடு எழுதும் வேலை மட்டும்தான். வளைய எண், இனம், வயது, இறக்கை நீளம், எடை, எந்த வலை, எத்தனை மணி. அப்புறம் இரண்டு மாதமாக வலையிலிருந்து பறவையை எடுக்கவும் பழக்குகிறார்கள்.

போன முறை, வலைகளைப் பார்த்துவரும் மூன்றாவது சுற்றில், ஒரு வலைக்கு நான் தனியாகப் போனேன். கீழிருந்து இரண்டாவது அடுக்கில் ஒரு கதிர்க்குருவி. 8 கிராம்கூட இருந்திருக்காது. விழுந்த பிறகு இரண்டு மூன்று தடவை புரண்டிருக்க வேண்டும், நூல் இறக்கை மூட்டிலும் கழுத்திலும் சுற்றியிருந்தது. எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு நூலை விடுவித்தால் இன்னொன்று இறுகியது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. நான் வராததைப் பார்த்துக் குழுத் தலைவர் தேடி வந்தபோது குருவியின் கண் பாதி மூடியிருந்தது. அவர் அரை நிமிடத்தில் எடுத்துவிட்டார். நிழலில், துணிப்பையில் வைத்துப் பார்த்தோம். எழவில்லை.

யாரும் என்னைத் திட்டவில்லை. தலைவர் பதிவேட்டை என்னிடமே நீட்டி, “நடந்ததை அப்படியே எழுதுங்கள்” என்றார். எழுதினேன். குருவியை ஓர் உறையில் போட்டு, தேதி, இடம் குறித்து, அருங்காட்சியகச் சேகரிப்புக்கு எடுத்துவைத்தார்கள்.

அன்றிலிருந்து அந்தக் கண்தான் நினைவில் இருக்கிறது. பறவைகளைப் பிடிக்கும் என்பதால்தான் இதில் சேர்ந்தேன். அடுத்த முறைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. போவதா, நிறுத்துவதா என்று தெரியவில்லை. இந்த வேலையில் இருப்பவர்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

விடியல்நடை

படிக்கும்போதே மனது கனத்துவிட்டது. நான் இதில் இல்லை, காலையில் நடக்கும்போது பறவை பார்ப்பதோடு சரி. ஒன்று கேட்கலாமா? அது என்ன வலை? மீன் வலை போன்றதா? பறவை தானாக வந்து விழுமா?

பழைய இடுக்கி

வேலிப்பருத்தி, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் சில விவரம் வேண்டும். அந்த வலை அப்போது நிழலில் இருந்ததா, வெயிலில் இருந்ததா? முந்தைய சுற்றுக்கும் இதற்கும் எவ்வளவு இடைவெளி? நீங்கள் எவ்வளவு நேரம் முயன்றீர்கள்? குருவி வாய் திறந்து மூச்சு வாங்கியதா? குற்றம் கண்டுபிடிக்கக் கேட்கவில்லை. இருபது வருடத்துக்கு மேல் வளையம் மாட்டும் இடுக்கியைப் பிடித்திருக்கிறேன். என் கையிலும் பறவை இறந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்விகளைத்தான் கேட்டுக்கொண்டேன்.

விடியல்நடை, அதை மிஸ்ட் நெட் என்பார்கள். மிக மெல்லிய கருப்பு நூல் வலை. புதர் ஓரத்தில், பின்னால் இருட்டாக இலை இருக்கும் இடத்தில் கட்டினால் நம் கண்ணுக்கே பட்டும் படாமலும்தான் தெரியும். பரவலாகப் பயன்படுவது 12 மீட்டர் நீளம், ஏறக்குறைய இரண்டரை மீட்டர் உயரம். குறுக்கே ஓடும் கயிறுகள் அதை நான்கு அடுக்காகப் பிரிக்கும். ஒவ்வோர் அடுக்கிலும் வலை கொஞ்சம் தொய்வாக இருக்கும். பறவை மோதினால் அந்தத் தொய்வில் பை போல விழுந்து படுத்துக்கொள்ளும். ஒழுங்காகக் கட்டிய வலையில் அடிபடாது. ஜப்பானில் பறவைகளை உண்பதற்காகப் பிடித்த வலை இது. பிற்பாடு ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு வேட்டைக் கருவியைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அடிக்கடி சொல்வார்.

வேலிப்பருத்தி

ஐயா, வலை முதல் இரண்டு சுற்றிலும் நிழலில்தான் இருந்தது. மூன்றாவது சுற்றுக்குப் போனபோது பாதி வலையில் வெயில் விழுந்திருந்தது. குருவி வெயில் பட்ட பாதியில். இடைவெளி அரை மணி. நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று சரியாகத் தெரியவில்லை, ஏழெட்டு நிமிடம் இருக்கலாம். வாய் திறந்துதான் இருந்தது. பயத்தில் திறந்திருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

பழைய இடுக்கி

நன்றி. இதை எழுதுவது சுலபமில்லை என்று தெரியும்.

வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு ஏறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பறவைக்கு வியர்வை இல்லை, சூடு ஏறினால் பெரும்பாலும் வாய் வழியாகத்தான் அதை வெளியேற்றும். வெயில் ஏறினால் அரை மணி இடைவெளி அதிகம். இருபது நிமிடம், சில நாளில் பதினைந்து. வெயில் வலைமேல் விழுந்துவிட்டால் அந்த வலையை அப்போதே சுருட்ட வேண்டும், அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. இதைப் பார்த்திருக்க வேண்டியது வலை பொறுப்பில் இருந்தவர். உங்கள் தலைவருக்கும் இது தெரிந்திருக்கும், அதனால்தான் அவர் உங்களைத் திட்டவில்லை.

உங்கள் பக்கம் நடந்த தவறு ஒன்றுதான், அதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். கூப்பிடவில்லை. புதிதாக வருபவர்களிடம் நான் சொல்வது: ஒரு நிமிடம் முயன்று ஒரு நூல்கூட விலகவில்லை என்றால் குரல் கொடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. எனக்கே சில நாளில் இன்னொரு ஜோடிக் கண் தேவைப்படும். சட்டைப்பையில் சின்னக் கத்தரிக்கோல் இருக்கட்டும், நூலை வெட்டினால் வலைக்குத்தான் ஓட்டை. அதைச் சாயந்தரம் தைத்துக்கொள்ளலாம்.

எடுக்கும் முறை பற்றியும் சொல்லிவிடுகிறேன், வேறு யாருக்காவது உதவும். கையை வைப்பதற்கு முன் பறவை எந்தப் பக்கத்திலிருந்து வந்து விழுந்தது என்று பாருங்கள். எந்தப் பக்கம் பை திறந்திருக்கிறதோ அங்கிருந்துதான் அது போயிருக்கும், அங்கிருந்துதான் வெளியே வரும். தப்பான பக்கத்தில் தொடங்கினால் எவ்வளவு இழுத்தாலும் இறுகும். பெரும்பாலும் கால் முதலில். விரல்களில் சிக்கிய நூலை மெதுவாக நீக்கி, காலை மூட்டுக்கு மேலே பிடித்து, பிறகு வயிறு, ஓர் இறக்கை, தலை, மற்ற இறக்கை. பறவை எப்படிப் போனதோ அதற்குத் தலைகீழ் வரிசை. நாக்கில் நூல் மாட்டியிருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். நாக்கின் பின்புறம் முள் போல இருக்கும், அதில் நூல் மாட்டினால் இழுக்கக் கூடாது, நுனிவிரலாலோ மழுங்கிய குச்சியாலோ முன்பக்கமாகத் தள்ளி எடுக்க வேண்டும்.

அப்புறம் பிடி. கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில், முதுகு உள்ளங்கையில், மற்ற விரல்கள் கூண்டு போலச் சும்மா வளைந்து நிற்கும். மார்பை அழுத்தவே கூடாது. நமக்கு இருப்பது போல உதரவிதானம் பறவைக்கு இல்லை. மார்பெலும்பை முன்னும் பின்னும் அசைத்துத்தான் அது மூச்சு விடுகிறது. கழுத்தைப் பிடித்திருக்கிறோமே என்று பயப்படுபவர்கள் மார்பை இறுக்கிவிடுவார்கள். அங்கேதான் ஆபத்து.

இலைச்சருகு

வேலிப்பருத்தி, உங்கள் வருத்தம் நேர்மையானது. அதனால் நானும் நேராகவே கேட்கிறேன். எதற்காகப் பிடிக்க வேண்டும்? நல்ல தொலைநோக்கி இருக்கிறது, கேமரா இருக்கிறது, பறவையின் குரலைப் பதிந்து இனம் சொல்லும் செயலி இருக்கிறது. ஒரு காட்டுப் பறவைக்கு மனிதன் கையில் கிடப்பதைவிடப் பெரிய பயம் என்ன இருக்க முடியும்? அது பிடிபட்ட நிமிடத்தில் சாகத்தான் போகிறோம் என்று நினைக்கும். நமக்கு ஒரு எண் கிடைக்கிறது என்பதற்காக அதைச் செய்யலாமா? வேலை செய்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

கணக்குப்பிள்ளை

இலைச்சருகு கேட்பது சரியான கேள்வி. நான் ஒரு குழுவின் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுபவன், அதனால் கணக்குப் பக்கமிருந்து சொல்கிறேன்.

தொலைநோக்கி ‘இங்கே பத்துக் கதிர்க்குருவி இருக்கிறது’ என்று சொல்லும். போன வருடமும் பத்து, இந்த வருடமும் பத்து. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று தோன்றும். கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், போன வருடம் பத்தில் ஆறு அந்த வருடம் பொரித்த இளசு, இந்த வருடம் ஒன்றுகூட இல்லை என்று. அதாவது கூடுகள் தோற்றுப்போகின்றன, இருப்பது பழைய பறவைகள் மட்டும். எண்ணிக்கை குறைய ஆரம்பிப்பதற்குள் மூன்று நான்கு வருடம் ஓடிவிடும். பெண்பறவையின் வயிற்றில் இறகு உதிர்ந்து, தோல் சிவந்து தடித்திருந்தால் அது அடைகாக்கிறது. கழுத்துக்குக் கீழே கவட்டெலும்புக் குழியில் மஞ்சளாகக் கொழுப்பு தெரிந்தால் நீண்ட பயணத்துக்குத் தயாராகிறது. இதெல்லாம் இறகை ஊதி விலக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

எண் போட்ட வளையம் இருந்தால் இன்னொன்றும் தெரியும். போன வருடம் பார்த்த அதே பறவை உயிரோடு இருக்கிறதா என்பது. ‘உயிர்பிழைக்கும் விகிதம்’ என்று நாங்கள் கணக்கிடுவது முழுக்க மறுபடி பிடிபடும் பறவைகளை வைத்துத்தான். இதற்காகவே பிரிட்டனில் 1983 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. ஒரே இடம், ஒரே வலைகள், ஒரே நீளம், ஒரே அளவு நேரம், இனப்பெருக்கக் காலத்தில் 12 முறை, வருடா வருடம். அமெரிக்காவில் இதே போன்றது 1989ல் தொடங்கியது. ஒரு நாளில் எத்தனை பறவை பிடித்தோம் என்பது அங்கே பெருமையே இல்லை. ஒரு வலையை இரண்டடி நகர்த்தினால்கூடக் குறித்துவைக்க வேண்டும்.

ஆபத்தைப் பற்றி: 2012ல் ஓர் ஆய்வு வந்தது. 22 வளையமிடும் அமைப்புகளைக் கேட்டு, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பிடிப்புகளின் பதிவைப் பார்த்தார்கள். காயம்பட்டவை 0.59 சதவீதம், இறந்தவை 0.23 சதவீதம். அப்படி ஒரு கணக்கே போட முடிந்ததற்குக் காரணம், இறந்த ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் பதிவேட்டில் மறைக்காமல் எழுதியதுதான். வேலிப்பருத்தி எழுதியது போல.

இலைச்சருகு

விளக்கமாகச் சொன்னதற்கு நன்றி. இளம் பறவை, முதிர்ந்த பறவை விஷயம் எனக்குத் தெரியாது, அது யோசிக்க வைக்கிறது. ஆனால் 0.23 என்பது ஆயிரத்துக்கு இரண்டுக்கும் மேல். பத்தாயிரம் பறவை பிடித்தால் 23. காகிதத்தில் சின்ன எண், இறந்துபோன குருவிக்கு அதுதான் முழு வாழ்க்கை. அதோடு, பதிவேட்டை ஒழுங்காக எழுதும் அமைப்புகளின் எண் இது. ஒழுங்காக எழுதாத குழு எவ்வளவு சாகடிக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அவர்களை யார் நிறுத்துவது?

வலையோரம்

யார் நிறுத்துவது என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அப்படி ஒரு குழுவில் நான் இருந்திருக்கிறேன். பெயர் சொல்ல விரும்பவில்லை.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. போகப் போக ‘இன்றைக்கு எத்தனை?’ என்பது மட்டும்தான் பேச்சாகிவிட்டது. நான்கு பேர் இருக்கும் நாளில் பத்து வலை விரிப்பார்கள். வலசை வரும் பருவத்தில் ஒரு நாள் காலையில் கூட்டமாக வந்து விழுந்தன. சுற்றுக்குப் போனவர் திரும்பி வரவே முக்கால் மணி ஆனது. மேசையில் பைகள் வரிசையாகத் தொங்கின, பை உள்ளே பறவை துடிப்பது தெரியும். அப்போதே பாதி வலையைச் சுருட்டியிருக்க வேண்டும். ‘இப்படி நாள் அடிக்கடி வராது’ என்றார்கள். கடைசிப் பையைத் திறந்தபோது உள்ளே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்த ஈப்பிடிப்பான். அது பிழைத்தது. ஆனால் பறக்கவிட்டதும் நேராகப் பறக்காமல் தாழ்ந்து போய்ப் புல்லில் உட்கார்ந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் திரும்பப் போகவில்லை. ஒரு வருடம் கழித்து வேறு குழுவில் சேர்ந்தேன்.

அதனால் குழுவை எப்படி எடைபோடுவது என்று எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. ஆள் குறைந்த நாளில் வலையைக் குறைக்கிறார்களா என்று பாருங்கள். மழைத்தூறல் விழுந்த உடனே ஓடிப்போய் மூடுகிறார்களா? நனைந்த பறவை சீக்கிரம் குளிர்ந்துவிடும். வலையின் கடைசி அடுக்கு புல்லில் படாமல் இருக்கிறதா? எறும்பு ஏறும், பூனை வரும். சுற்றிலும் பருந்தோ வல்லூறோ கீச்சானோ வலைப்பக்கம் கண் வைத்துவிட்டால் அன்றைக்கு மூடிவிடுகிறார்களா? மேசையில் ஒரு பறவை சோர்ந்து இறகைப் புசுபுசுவென்று விரித்துக் கண்ணைச் செருகினால், அளவு எதுவும் எடுக்காமல், வளையம்கூடப் போடாமல் அப்படியே விட்டுவிட முடிகிறதா? இந்தக் கடைசிதான் எனக்குப் பெரிய அளவுகோல். எடுத்த பறவையை எண் இல்லாமல் விட மனம் வராதவரிடம் நான் கற்றுக்கொள்ள மாட்டேன்.

சட்டப்படி உரிமம் உள்ளவர் மட்டும்தான் வளையமிடலாம் என்பது ஏறக்குறைய எல்லா நாட்டிலும் உண்டு. மற்றவர்கள் அவருடைய கண்பார்வையில்தான் பழக முடியும். ஆனால் அந்த நேரத்தில் வலையருகே நிற்பது உரிமம் கொடுத்த அலுவலகம் இல்லையே, தன்னார்வலர்தானே. ‘போதும், மூடலாம்’ என்று சொல்ல வேண்டியவர் அவர். அன்றைக்கு நான் சொல்லவில்லை, அது இன்னும் உறுத்துகிறது.

மூங்கில்தோப்பு

நான் பள்ளி ஆசிரியை. வருடத்தில் இரண்டு முறை மாணவர்களை இந்த மாதிரிப் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறேன். இலைச்சருகு சொன்ன பயத்தைப் பற்றி ஒன்று. குழந்தைகள் மேசையைச் சுற்றி நெருங்கினால் வளையமிடுபவர் உடனே எங்களைப் பின்னால் போகச் சொல்லிவிடுவார். ஃபிளாஷ் அடிக்கக் கூடாது, பேச்சு கிசுகிசுப்பாக. ஒரு முறை ஒரு பையன் பறவையைத் தடவிக்கொடுக்கக் கை நீட்டினான். அவர் சொன்னார், “நாய்க்குட்டிக்குத் தடவினால் சுகம், இதற்கு அது தன்னைப் பிடிப்பது போல. அதற்கு இதமாக இருக்க வேண்டுமென்றால் நாம் சீக்கிரம் முடிக்க வேண்டும்.” அந்தப் பையன் அன்று முழுக்க மற்றவர்களிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

கடைசியில் ஒரு மாணவியின் உள்ளங்கையில் ஒரு சின்னானை மல்லாத்தி வைத்தார். ஒரு கணம் அப்படியே கிடந்துவிட்டுப் பறந்தது. அவள் கையை மடக்கவே இல்லை, ரொம்ப நேரம் விரித்தபடியே வைத்திருந்தாள். ‘சூடாக இருந்தது மிஸ்’ என்று மட்டும் சொன்னாள்.

இலைச்சருகு

அந்த மாணவிக்குக் கிடைத்தது பெரிது, மறுக்கவில்லை. பறவைக்கு என்ன கிடைத்தது என்பதுதான் என் கேள்வி. ஆனால் வலையோரம் எழுதியது என்னைத் தொட்டது. ‘வளையம்கூடப் போடாமல் விட்டுவிட முடிகிறதா’ என்ற வரி. அப்படிப்பட்டவர்கள் கையில் இந்த வேலை இருக்கிறது என்றால் என் எதிர்ப்பு பாதியாகிறது. பாதிதான்.

பழைய இடுக்கி

பாதி எதிர்ப்பு இருக்கட்டும். வலைப்பக்கம் அப்படி ஓர் ஆள் நிற்பது நல்லது.

பறவைக்கு என்ன கிடைத்தது என்று கேட்டதால் கொஞ்சம் பழைய கதை. செங்கால் நாரைகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்று ஐரோப்பாவில் பல நூறு வருடம் தெரியாது. 1822ல் ஜெர்மனியில் சுடப்பட்ட ஒரு நாரையின் கழுத்தில் ஆப்பிரிக்க அம்பு ஒன்று குத்தியபடி இருந்தது. அதிலிருந்துதான் அவை அவ்வளவு தூரம் போய்வருகின்றன என்பதற்குக் கண்கண்ட சாட்சி கிடைத்தது. ஒரு பறவை எங்கே போகிறது என்று தெரிய அதன் உடம்பில் அம்பு தைத்திருக்க வேண்டியிருந்த காலம் அது.

டென்மார்க்கில் மார்டென்சன் என்ற ஆசிரியர் முதலில் துத்தநாக வளையம் போட்டுப் பார்த்தார். கனமாக இருக்கிறது, பறவைக்குத் தொந்தரவு என்று கைவிட்டார். ஒன்பது வருடம் கழித்து, 1899ல், எண்ணும் முகவரியும் பொறித்த மெல்லிய அலுமினிய வளையத்தோடு மறுபடி தொடங்கினார். இன்றைக்கு நாம் செய்வதற்கு அதுதான் ஆரம்பம். முதல் வளையத்தைப் பறவைக்குக் கனம் என்று ஒதுக்கிவைத்த மனிதரிடமிருந்து இது தொடங்கியது என்பது எனக்கு எப்போதும் ஆறுதல்.

1911 மே மாதம் இங்கிலாந்தில் ஒரு வீட்டு வாசலில் கூடு கட்டிய தகைவிலானுக்கு வளையம் போட்டார்கள். 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் அது பிடிபட்டது. அதற்கு முன் பிரிட்டனின் தகைவிலான்கள் அவ்வளவு தெற்கே போகும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. 1982 கோடையில் இங்கிலாந்தின் ஃபார்ன் தீவுகளில் ஆர்க்டிக் ஆலா என்ற கடற்பறவையின் பறக்கக் கற்காத குஞ்சு ஒன்றுக்கு வளையம் போட்டார்கள். அக்டோபரில் அது ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இருந்தது. 22,000 கிலோமீட்டருக்கு மேல், பறக்கத் தொடங்கி மூன்று மாதத்துக்குள். ஒரு சதுப்பு நிலத்தை இங்கே காப்பாற்றினால் மட்டும் போதாது, பறவை இறங்கும் ஒவ்வொரு கரையையும் காப்பாற்ற வேண்டும் என்று அரசுகளிடம் பேச முடிந்தது இப்படி வேறு இடத்தில் மறுபடி கிடைத்த வளையங்களை வைத்துத்தான். பறவைக்குக் கிடைத்தது அது.

தூறல்

ஐயா சொன்னதோடு நம் நாட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். 1959ல் சலீம் அலியின் வழிகாட்டலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பெரிய அளவில் வளையமிடத் தொடங்கியதற்குக் காரணமே ஒரு நோய்தான். 1957ல் கர்நாடகத்தில் கியாசனூர் காட்டுக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. ரஷ்யாவில் உண்ணி மூலம் பரவும் ஒரு நோயின் வைரஸோடு இதற்கு நெருக்கம் இருந்ததால், வலசைப் பறவைகள் உண்ணியைச் சுமந்து வருகின்றனவா என்ற சந்தேகம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனம் உதவியது. கோடியக்கரையில் கழகம் பல பத்தாண்டுகளாக வளையமிட்டு வருவதும் அந்த வழியில் வந்ததுதான்.

கணக்குப்பிள்ளை

பதிவேடு எழுதுபவர்களுக்காக நான் ஒன்று சேர்க்கிறேன், வேலிப்பருத்தி முதல் பதிவில் ‘பதிவேடு மட்டும்தான்’ என்று எழுதியிருந்தார்.

பசிபிக்கின் மிட்வே தீவில் 1956ல் சாண்ட்லர் ராபின்ஸ் என்ற பறவையியலாளர் லேசான் அல்பட்ராஸ் என்ற கடற்பறவை ஒன்றுக்கு வளையம் போட்டார். 2002ல் அதே தீவில் தேய்ந்த வளையத்தோடு ஒரு பறவையைப் பிடித்துப் புது வளையம் மாற்றினார். அப்போது அவருக்கு ஒன்றும் தெரியாது. பழைய எண்ணைப் பதிவேடுகளில் பின்னோக்கித் தேடிக்கொண்டே போனபோதுதான், 46 வருடத்துக்கு முன் தானே வளையம் போட்ட பறவை என்று தெரிந்தது. அதுதான் ‘விஸ்டம்’. 2024 கடைசியிலும் முட்டையிட்டது. முதல் வளையம் போட்டபோதே முதிர்ந்த பறவை என்பதால் எழுபது வயதைத் தாண்டியது உறுதி. நடுவில் வளையங்கள் மாறிக்கொண்டே இருந்திருக்கின்றன. எங்கேயாவது ஒருவர் ஒரு மாற்றத்தில் 1ஐ 7 போல எழுதியிருந்தால் சங்கிலி அறுந்திருக்கும். உலகத்தின் மிக வயதான காட்டுப் பறவை என்று இன்று சொல்கிறோமே, அது அந்தத் தீவில் நின்று கொண்டிருக்கும், நமக்குத் தெரிந்திருக்காது.

வளைய எண்ணை மேசையில் இருப்பவர் வாசித்ததும் எழுதுபவர் திரும்பச் சொல்ல வேண்டும். இதை விடாதீர்கள். கைப்பழக்கமாகிவிட்டது என்று நினைக்கும் நாளில்தான் தவறு வரும்.

வேலிப்பருத்தி

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். இலைச்சருகு, உங்களுக்கும்தான், உங்கள் கேள்விகள் என் மனதில் இருந்தவைதான்.

நான் போகிறேன். ஆனால் உடனே வலைக்குப் போகப் போவதில்லை. தலைவரோடு பேசிவிட்டேன். கொஞ்ச நாளைக்கு மறுபடி பதிவேடு. வெயில் விழும் நேரத்தைப் பார்த்து ஒவ்வொரு வலைக்கும் ‘இத்தனை மணிக்குச் சுருட்ட வேண்டும்’ என்று ஒரு அட்டை எழுதி கம்பத்தில் கட்டலாமா என்று கேட்டேன். சரி என்றார். அந்த வலையை அவரும் நானும் போய் நின்று பார்த்தோம். பக்கத்தில் இருந்த மரத்தின் ஒரு பெரிய கிளை காற்றில் ஒடிந்து விழுந்திருக்கிறது. போன மாதம் நிழலாக இருந்த இடம் இப்போது வெளிச்சம். யாரும் கவனிக்கவில்லை.

கை பழகுவதற்கு வீட்டில் ஏதாவது செய்ய முடியுமா?

வலையோரம்

கிழிந்த பழைய வலைத்துண்டு ஒன்றைக் குழுவிடம் கேட்டு வாங்குங்கள். பஞ்சு அடைத்த சின்னத் துணிப்பொம்மைக்குக் கம்பியில் கால் வைத்து, அதை வலையில் உருட்டிச் சிக்கவைத்து எடுத்துப் பழகலாம். உயிருள்ளது போல வராதுதான், ஆனால் ‘எந்தப் பக்கம் போனது’ என்று பார்க்கக் கண் பழகும். வலையை இருட்டில் விரிக்கவும் சுருட்டவும் பழகுங்கள், ஒரு திறப்புகூட இல்லாமல் இறுக்கிச் சுருட்டுவது தனி வேலை. சரியாகச் சுருட்டாத வலையில் ஆளில்லாத நேரத்தில் பறவை மாட்டும்.

மூங்கில்தோப்பு

எங்கள் மாணவர்கள் அந்தக் குழுவுக்குத் துணிப்பை தைத்துக் கொடுத்தார்கள். தன்னார்வலர்களிடம் எப்போதும் பை குறைவாகத்தான் இருக்கும். நீங்களும் தைக்கலாமே?

பழைய இடுக்கி

நல்ல யோசனை. ஆனால் தையல் வெளிப்பக்கம் வர வேண்டும். உள்ளே நூல் பிசிறு இருந்தால் நகத்தில் மாட்டிவிடும், ஒருமுறை ஒரு சிட்டின் விரல் நீலமாகிப்போய் இருந்தது. மூச்சு விடும் பருத்தித்துணி, வெளிர் நிறம். எச்சம் பட்டது தெரிய வேண்டும், தெரிந்தால்தான் துவைப்போம். ஒரு பையில் ஒரு பறவைதான். துவைக்காத பையில் அடுத்ததைப் போட்டால் நோய் பரவும்.

வேலிப்பருத்தி

போய்வந்தேன். பன்னிரண்டு பை தைத்து எடுத்துப்போனேன், எல்லாம் தையல் வெளிப்பக்கம்.

அட்டை கட்டியிருந்ததால் மூன்று வலையை மற்ற நாளைவிட ஒரு மணி நேரம் முன்பே சுருட்டிவிட்டோம். மொத்தம் பதினொரு பறவைதான். நான் பதிவேட்டில் இருந்தேன். ஒவ்வொரு எண்ணையும் திரும்பச் சொன்னேன். ஏழாவதாக வந்தது கதிர்க்குருவி. மேசையில் தலைவர் அதை ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் வைத்திருந்தார். வாய் மூடியிருந்தது, கண் முழுசாகத் திறந்திருந்தது. நான் எழுதுவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்திருக்கிறேன் போல. அவர் எடையை இரண்டாவது முறை சொன்னார். 7.6. எழுதிக்கொண்டேன்.

இலைச்சருகு

பை தைத்த அளவு என்ன? எனக்குத் தையல் இயந்திரம் இருக்கிறது.

வேலிப்பருத்தி

அகலம் 20 சென்டிமீட்டர், உயரம் 25. மேலே நாடா கோர்க்க ஒரு மடிப்பு விடுங்கள், கொக்கியில் தொங்கவிட வேண்டும். முடித்ததும் ஒருமுறை துவைத்து, கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் விரலுக்குத் தெரியும்.